பின்னாலும் சுற்றிய ரீல்

1

எங்கள் ஊர் ஆற்றில் அக்டோபர் பிறந்ததும் தூண்டில் போடலாம். குளிர்காலம் முழுக்கத் தடை. அதனால் செப்டம்பர் கடைசியிலேயே ஊரில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். 'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம், நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லம், மற்றபடி ஆடுகள் என்றிருக்கிற சிற்றூரைத்தான் சொல்கிறேன். பிறந்து வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் குன்னூரில்.

போன வாரம் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, உன் வீட்டுக்காரர் இந்த வருஷமாவது ஆற்றுக்கு வருகிறாரா என்று கேட்டார். அவருக்குத் தன் மகன் பெயர் மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெரிய மீன் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. வருவார் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

என் வீட்டுக்காரர் பெயர் கதிர்வேல். ஊட்டிக்குப் பக்கத்து எமரால்டில் அவருடைய அண்ணனுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தது. கேரட் பிடுங்க வேண்டிய நேரத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டே மாதம், வந்துவிடுகிறேன் என்று போனார். கேரட் பிடுங்கியாயிற்று. அதற்குப் பிறகு போட்ட உருளைக்கிழங்கும் தோண்டியாயிற்று. அண்ணன் எழுந்து ஊட்டி மார்க்கெட்டுக்கு லாரி ஏறிப் போய் வருகிறார். என் ஆள் மட்டும் வரவில்லை. அவர் இல்லாமல் ஆறு திறப்பது இது இரண்டாவது தடவை.

போகும்போது தூண்டிலையும், தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் சாயங்காலம் போன் செய்வேன். என் உடம்பைக் கேட்பார், மகள் காவ்யாவைக் கேட்பார், பிறகு ரீலைக் கேட்பார். டிராக் திருகைத் தளர்த்தி வைத்தாயா, ஈரம் படாமல் இருக்கிறதா, கைப்பிடியைச் சும்மாவாவது சுற்றிவிடுகிறாயா என்று. என்னை விசாரித்ததைவிட ரீலை விசாரித்ததுதான் எனக்குத் தெம்பாக இருந்தது. ரீலைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதன் அதைத் தொடத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்?

அவசரமும் இருந்தது. இந்த நாட்டு விசாவில் ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். அதற்குள் உள்ளே வந்துவிட்டால் சரி. தாண்டிவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பம், மருத்துவச் சோதனை, போலீஸ் சான்று எல்லாம். அந்தத் தேதி இந்த அக்டோபரில் வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் நினைவூட்டுவேன். பார்க்கலாம் அம்மிணி என்பார்.

2

அந்த ரீலை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கே வந்த முதல் வருஷம். பக்கத்து டவுனில் மீன்பிடி சாமான் கடை ஒன்று இருக்கிறது. ஒரு சுவர் முழுக்க ரீல்கள். அவர் அதுவரை வாழ்க்கையில் மொத்தமே இரண்டு ரீல்களைத்தான் கண்ணால் பார்த்திருந்தார். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர் அன்றைக்கு வாங்கவில்லை, அடுத்த வாரமும் வாங்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபி ஆறுவதற்குள் சரி சொல்லிவிட்ட மனிதர் இவர்.

கூடவே நின்று நின்று எனக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. தெரிந்ததை எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது பயன்படும். அட்டையில் பேரிங் பத்து, பன்னிரண்டு என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கக்கூடாது. நல்ல பேரிங் நான்கைந்து இருந்தால் போதும். கைப்பிடியை மெதுவாகச் சுற்ற வேண்டும்; வேகமாகச் சுற்றினால் மட்டமான ரீலும் வழுக்கிக்கொண்டு போகும், மெதுவாகச் சுற்றும்போதுதான் பல்லில் மணல் கடித்த மாதிரி இடறுவது கைக்குத் தெரியும். கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நரம்பைச் சுருளில் சேர்க்கிற அந்த வளைந்த கம்பியைத் திறந்து மூடினால் சந்தேகமில்லாமல் 'டக்'கென்று உட்கார வேண்டும். கம்பியின் ஓரத்தில் நரம்பு ஓடுகிற குட்டி உருளை விரலால் தள்ளினாலே சுழல வேண்டும். அது சிக்கிக்கொண்டால் நரம்பு அறுபடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக டிராக். ரீலின் முன்னால் இருக்கும் திருகு அது. மீன் முரட்டுத்தனமாக இழுக்கும்போது நரம்பை அறுபடவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற வேலை அதனுடையது. நரம்பைக் கையால் இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும். நின்று நின்று, திடுக்கென்று வந்தால் அந்த ரீல் வேண்டாம்.

கடைசியில் டிரவுட் மீனுக்கு ஏற்ற நடுத்தர அளவில், எடை குறைவாக, கறுப்பாக ஒன்றை எடுத்தார். கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடம்பு. எனக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. இரும்பில் ஒன்று எடுத்தால் என்ன என்று கேட்டேன். நாளெல்லாம் கையில் பிடித்திருப்பது நான்தானே என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். இங்கு வந்த பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

3

குன்னூருக்குக் கீழே ஒரு ஃபேக்டரியில் அவர் டீ மேக்கராக இருந்தார். இலை எவ்வளவு வாட வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று மூக்கை வைத்துச் சொல்கிற வேலை. அவர் சரி என்று தலையாட்டாமல் ஒரு கிலோ தூள் வெளியே போகாது. லீவு கிடைத்தால் எமரால்டு அணைக்குப் போவார். மீன்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு, பனிமூட்டத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன ராணுவக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ரீல் அப்போது அவரிடம் இருந்தது. முழுக்க உலோகம். தேங்காய் உடைக்கலாம்.

எனக்கு இங்கே வேலை கிடைத்தது. நான்தான் கிளம்பலாம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஊரில் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தால் திமிர் என்பார்கள். இங்கே டாக்டரே போன் செய்து என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். திரும்பிப் போய் அந்தப் பழைய வார்டில் நிற்க எனக்கு மனசில்லை.

அவருக்குக் கிடைத்தது சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குகிற வேலை. கதிர்வேல் என்பது அவர்கள் வாயில் நுழையாமல், சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையில் 'கேத்' என்று அடித்துக் கொடுத்தார்கள். அது இங்கே பெண்களுக்கு வைக்கிற பெயர் என்று காவ்யா சொல்லித்தான் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதையே குத்திக்கொண்டு போனார். தேயிலை அடுக்குகிற வரிசைக்கு வந்ததும் ஒரு பொட்டலத்தை எடுத்து மோந்து பார்ப்பாராம். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, அப்படிச் செய்யக்கூடாது, வாடிக்கையாளர்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். என்னிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அங்கே பில் போடுகிற பெண் சொன்னாள்.

மற்றபடி ஆறுதான். ஆற்றங்கரையில் யாரும் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

4

ஜூலை மாதம் இங்கே கடுங்குளிர். கேரேஜில் சுவரெல்லாம் வேர்த்தது. ரீலை எடுத்துப் பார்த்தால் மேலே மெல்லிசாகப் பூஞ்சை. பதறிப்போய்விட்டேன். அவர் சொல்லியிருந்தது ஈரத்துணியால் துடை, மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடு என்பதுதான். நான் நர்ஸ் அல்லவா? துடைப்பதெல்லாம் எனக்குச் சுத்தத்தில் சேராது. குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ் போட்டு, கை கழுவுகிற மாதிரி இண்டு இடுக்கு விடாமல் கழுவினேன்.

கழுவிய பிறகு காய வேண்டுமே. நீலகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, சமவெளிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் மலையில் எதுவும் தானாகக் காயாது. குமுட்டி அடுப்பில் கரி போட்டு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் துணியைப் பரப்பிவிடுவோம். காவ்யாவின் துணிகள், என் யூனிஃபார்ம், அவருடைய கம்பளி எல்லாம் அப்படித்தான் காய்ந்தன. நனைந்து வருகிற பழைய ரீலும் அந்தக் கூடை மேல்தான் குந்தியிருக்கும். காலையில் எடுத்தால் இட்லி மாதிரிச் சுடும். ஒன்றும் ஆகாது.

அந்தப் பழக்கத்தில் இங்கே ஹாலில் இருந்த ஹீட்டரின் மேல் கம்பிக் கூடையைக் கவிழ்த்து, ஒரு துண்டை விரித்து, ரீலை அதன் மேல் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். போவதற்கு முன் துரு பிடிக்கக் கூடாதே என்று தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட்டும் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் துண்டெல்லாம் எண்ணெய்க் கறை. ரீலைக் கையில் எடுத்துச் சுற்றினேன். முன்னால் சுற்றியது. கையை விட்டால் பின்னாலும் சுற்றியது. ஒரு ரீலின் கைப்பிடி ஒரு பக்கம்தான் சுற்ற வேண்டும். பின்னால் சுற்றினால், மீன் இழுத்த இழுப்புக்கெல்லாம் நரம்பு போய்க்கொண்டே இருக்கும். அது ரீலே இல்லை.

சோபாவில் உட்கார்ந்து அழுதேன். ஒரு ரீலுக்கா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல வேறென்ன மிச்சம் இருந்தது? சட்டைகளைத் தோட்ட வேலைக்கு ஆகும் என்று எடுத்துப் போயிருந்தார். இரண்டு மாதத்துக்கு எதற்கு எல்லாச் சட்டையும் என்றுகூட நான் அப்போது யோசிக்கவில்லை.

5

கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒருபக்கம் மட்டும் சுற்றவிடுகிற உருளைகளில் எண்ணெயும் கிரீஸும் இறங்கிவிட்டது, அந்த இடம் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும், பிரித்துக் கழுவினால் சரியாகிவிடும் என்றார். ஆனால் அவர்கள் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். சீசனுக்கு முன்னால் கூட்டம் அதிகம், நவம்பர் ஆகிவிடும். நவம்பர் எனக்கு ஆகாது. அவர் அக்டோபரில் வந்தால் ரீல் வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் நானே பிரித்தேன். சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பாகமும் கழலக் கழல போனில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். அறுவை அரங்கில் சாமான் எண்ணிக் கொடுத்த கை இது. ஒரு ஸ்பிரிங் எகிறி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. டார்ச் அடித்து, தரையில் படுத்து, துடைப்பக் குச்சியால் இழுத்தெடுத்தேன். அந்த உருளைகளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எண்ணெய் வாசம் போகத் துடைத்துக் காற்றில் உலர விட்டேன், ஹீட்டர் பக்கமே போகாமல். பெரிய பல்சக்கரத்துக்கு மட்டும் புது கிரீஸ். நரம்பு ஓடுகிற உருளைக்கும் கைப்பிடிக்கும் கம்பியின் மூட்டுக்கும் இன்சுலின் ஊசியால் ஒவ்வொரு சொட்டு.

முதல் தடவை மூடியபோது சுற்றவே இல்லை. மறுபடி பிரித்தேன். அதற்கடுத்த லீவு நாளில் மாட்டி, கைப்பிடியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. பாறை மாதிரி நின்றது.

உடனே ஆக்லாந்தில் இருக்கிற காவ்யாவுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அவளுக்கு வேலை அதிகம்.

6

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இங்கே சாயங்காலம், அங்கே மதியம். போனை எடுத்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, ரீலை நானே பிரிச்சு மாட்டிட்டனுங்க," என்றேன். கழுவியது, காய வைத்தது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஹீட்டர் மேல் கூடை கவிழ்த்த கட்டத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இங்கே இருந்தவரை நான் கேட்காதது. ஸ்பிரிங் எகிறியதா என்று கேட்டார். எகிறிய கதையையும் சொன்னேன். அவர் பேச்சுக்குப் பின்னால் ஊங்காரமாக ஒரு சத்தம் கேட்டது. சில வாரங்களாகவே அது கேட்டது. எமரால்டு காற்று என்று நினைத்திருந்தேன்.

"அம்மிணி, அத நீயே வெச்சுக்க," என்றார்.

"அப்ப நீங்க வந்தா எதுல புடிப்பீங்க?"

போனைக் காதோடு அழுத்தியபோதுதான் அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்டேன். காற்று விட்டு விட்டு அடிக்கும். இது ஒரே சீராக ஓடியது. பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறி ஓடவிட்டு வாட்டுகிற தொட்டியின் சத்தம். கல்யாணமான புதிதில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்தின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எப்படி எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று?

"ஃபேக்டரில இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சேந்துட்டேன் அம்மிணி. போன மாசமே. பழைய எடந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா?"

"கேட்டா நீ வாங்கன்னு சொல்லுவ. சொன்னா நான் வந்துருவேன். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளாக வாராவாரம் ரீலைக் கேட்டீர்களே, அது எதற்கு என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். வேறு எதைப் பேசினாலும் எப்போ வருகிறீர்கள் என்பதில் போய் நின்றது, ரீலைப் பேசினால் நீ சந்தோஷமாகப் பேசினாய் என்றார். நீ இங்கே வா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. மதியம் சாப்பிட்டாரா என்று கேட்டேன். கேன்டீனில் சாப்பிட்டாராம். வைத்துவிட்டேன்.

காவ்யாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். "அப்பா அங்க நல்லா இருக்காரும்மா. வாய்ஸே மாறிடுச்சு, நீ கவனிக்கலயா?" என்றாள். கவனித்தேன். அவர் ஓய்வெடுத்துக்கொண்டு நன்றாகத் தேறியிருக்கிறார், தேறியதும் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவளுக்கு வேறு அழைப்பு வந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள்.

யாரிடம் போய் என்ன சொல்வது? சண்டை போட்டுப் பிரிந்தோம் என்றால் சொல்லலாம். எங்களுக்குள் சண்டையே இல்லை. அவருக்கு அங்கே மூச்சு வருகிறது, எனக்கு இங்கே. நடுவில் கடல் இருக்கிறது.

7

விசா தேதி இந்த வாரம் முடிகிறது. நான் நினைவூட்டவில்லை.

நேற்று என் பெயரில் உரிமம் வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால்தான் போனேன். அவர் பக்கத்தில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தூண்டிலை ஒரு நாளும் தொட்டதில்லை. முதல் வீச்சு என் பின்னாலிருந்த புதரில் மாட்டியது. அதற்கடுத்தது காலடியிலேயே விழுந்தது. கரையில் ஆளில்லை, அதனால் வெட்கமும் இல்லை. வீசுவதும் சுற்றுவதுமாக மதியம்வரை நின்றேன். ரீல் நன்றாக ஓடியது. என்னுடைய ஒரே சந்தோஷம் அது.

கையைச் சுண்டி இழுத்தது. முதலில் கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். கல் ஓடாது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரைப் பக்கம் போயிற்று, டிராக் கிரீச்சென்றது, தடி வில்லாக வளைந்தது. கைப்பிடி பின்னால் நழுவவில்லை.

"ஏனுங்க, இங்க வாங்க. ஏனுங்க," என்று கத்திவிட்டேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்பது காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். அது இழுத்தபோது விட்டேன், அது களைத்தபோது சுற்றினேன். கண் மறைத்தது, துடைக்கக் கையில்லை. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து, முழங்கால் ஆழத்துக்கு வந்து சேர்ந்தது. பழுப்பு முதுகில் சிவப்புப் புள்ளிகள். குனிந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, மறுகையால் தூண்டில் முள்ளைக் கழற்றினேன்.

நல்ல பெரிய மீன். இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, கையை எடுத்துவிட்டேன்.